மக்லின்ஸ் பாறை வரை

நண்பர்கள் இருவர் காதலர்களாகும் கதையை எழுதுகிறவருக்குக் கண்டதும் காதல் என்ற வசதி கிடையாது. முன்பின் அறியாத இருவர் என்றால் வாசகரை ஒரே பக்கத்தில் நம்பவைத்துவிடலாம். ஏற்கெனவே தோளில் கைபோட்டு நடக்கிற இருவர் விஷயத்தில் அது நடக்காது. அந்தக் கை எப்போது வேறு கையாயிற்று என்று காட்டியாக வேண்டும். காட்டும்போது, அதுவரை இருந்த நட்பு வெறும் முன்னுரையாகச் சுருங்கிவிடவும் கூடாது. இருவரும் பையன்கள், ஊர் சிறியது, ஆண்டு 1915 என்றால் முடிச்சு இன்னும் இறுகும். அயர்லாந்து எழுத்தாளர் ஜேமி ஓ'நீல் 2001இல் வெளியிட்ட 'அட் ஸ்விம், டூ பாய்ஸ்' இந்த முடிச்சைத் தானே தேடிப்போய் எடுத்துக்கொண்ட நாவல். ஆணை நேசிக்கும் ஆணைப் பற்றிய ஆங்கில நாவல்களில் இதற்கு உயர்ந்த இடம் தரப்படுகிறது. அந்த இடம் எவ்வளவு தகும் என்பதுதான் என் கேள்வி. நட்பு காதலாவதைச் சொல்வதில் இந்த நாவல் தொட்ட உயரத்தை மிகச் சிலரே தொட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அந்தக் காதலுக்கு வரலாற்றின் சான்றிதழும் வேண்டும் என்று ஆசைப்பட்ட இடத்தில் அது தன் பிடியைத் தளரவிட்டது. இரண்டையும் சொல்லித்தான் இதை எடைபோட முடியும். முடிவைத் தொடாமல் பேசவும் முடியாது; கதை தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஓ'நீல் 1962இல் டன் லீரியில் பிறந்தவர். டப்ளினுக்குத் தெற்கே கடலோரம் உள்ள ஊர் அது. பிரிட்டிஷ் ஆட்சியில் அதற்குக் கிங்ஸ்டவுன் என்று பெயர். 1920இல்தான் பழைய பெயர் திரும்பியது. அதை ஒட்டிய கிளாஸ்தூல், சாண்டிகோவ் என்னும் சிற்றூர்களில் கதை நடக்கிறது. கதையில் வரும் ஜிம் படிக்கிற பிரசன்டேஷன் கல்லூரியில் எழுத்தாளரும் படித்திருக்கிறார். பின்னாளில் லண்டனில் ஒரு மனநல மருத்துவமனையில் இரவுநேரப் பணியாளராக இருந்துகொண்டு பத்தாண்டுகள் இந்த ஒரு நாவலை எழுதினார். அந்த உழைப்பின் பலமும் பளுவும் புத்தகம் முழுக்கத் தெரிகின்றன.

ஜிம் மேக், உதவித்தொகையில் படிக்கும் கூச்ச சுபாவமுள்ள பையன். அப்பா மிஸ்டர் மேக் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படையில் இருந்துவிட்டு வந்து சிறு மளிகைக்கடை நடத்துகிறவர். (அந்தப் படைக்கு நம் பக்கத்தோடும் உறவு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி வைத்திருந்த மதராஸ், பம்பாய் ஐரோப்பியப் படைகளின் வழிவந்த இரண்டு பிரிவுகளை 1881இல் இணைத்து உருவாக்கியது அது.) அவருடைய பழைய படைத்தோழரின் மகன் டாய்லர். ஊர்க் கழிவை அள்ளும் வண்டியில் வேலை. கால் விந்தி நடப்பான், புல்லாங்குழல் நன்றாக வாசிப்பான், கிடைத்ததையெல்லாம் படிப்பான், தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கானலியின் பேச்சில் ஊறியவன். சிறுவயதில் பழகிப் பிரிந்த இருவரும் மறுபடி சந்திக்கிறார்கள். டாய்லர் ஜிம்முக்கு நீச்சல் கற்றுத்தருவான். அடுத்த ஈஸ்டருக்கு இருவரும் டால்கி தீவுக்கு அப்பால் உள்ள மக்லின்ஸ் பாறைவரை நீந்திப்போய், பச்சைக்கொடி நட்டு, அதைச் சொந்தமாக்கிக்கொள்வார்கள். இதுதான் ஒப்பந்தம். அடுத்த ஈஸ்டர் என்பது 1916 ஏப்ரல். டப்ளினில் ஆயுத எழுச்சி வெடித்த ஈஸ்டர் அது. வாசகருக்கு அது தெரியும், பையன்களுக்குத் தெரியாது. நாவலின் கால ஓட்டம் முழுவதும் இந்த இடைவெளியின் மேல் நிற்கிறது.

நண்பர்களை நெருங்கவைக்க இந்த வகைக் கதைகளில் வழக்கமான ஏற்பாடுகள் உண்டு. புயலில் அடைபட்ட வீடு, விடுதி அறையில் ஒற்றைக் கட்டில், ஏதோ காரணத்துக்காகக் காதலர்போல் நடிக்கவேண்டிய கட்டாயம். ஓ'நீல் இவற்றில் எதையும் தொடவில்லை. அவர் எடுத்துக்கொண்டது நீச்சல் கற்பித்தல் என்ற ஒரே செயல். கற்றுத்தருகிறவன் கற்பவனைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். சரியான நேரத்தில் விட்டுவிடவும் வேண்டும். முந்திப் பிடியை விட்டால் மூழ்குவான், பிந்தினால் கற்கவே மாட்டான். காதலில் ஒருவர் இன்னொருவருக்குச் செய்யக்கூடியது எல்லாம் இதற்குள் அடங்கியிருக்கிறது. எழுத்தாளர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. குளிர் மாதங்களில் கடல் எப்படி இருந்தது, எந்தப் பாறையில் கால் வைத்தார்கள், முதல் தடவை மூச்சுவிட மறந்தது எப்போது என்று விவரமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். ஒரு கட்டத்தில், ஜிம் இனி டாய்லர் இல்லாமல் கரையில் நிற்கவும் முடியாதவன் என்று நமக்குப் புரிகிறது. அவனுக்குப் பின்னால்தான் புரிகிறது.

இடத்தேர்வும் தற்செயல் அல்ல. சாண்டிகோவ் கரையில் உள்ள ஃபார்ட்டி ஃபூட் என்னும் குளியலிடம், 1974இல் பெண்கள் போராடி உள்ளே வரும்வரை, ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஆண்கள் ஆடையின்றிக் குளிப்பதை யாரும் கேள்வி கேட்காத ஓர் இடம், பாதிரியாரும் போலீஸும் நிறைந்த அந்த ஊரின் விளிம்பிலேயே இருந்தது. ஊர் வழங்கிய இந்தச் சலுகைக்குள் இரண்டு பையன்கள் ஒரு வருடம் மறைந்து வாழ்கிறார்கள். சற்றுத் தள்ளி நிற்கும் கோபுரத்தில்தான் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசஸ்' தொடங்குகிறது. அயர்லாந்து இலக்கியத்தின் மிகப் பிரபலமான கடற்கரையை எடுத்து, அங்கே இதுவரை யாரும் கண்டுகொள்ளாத இருவரை நிறுத்துவது துணிச்சலான வேலை.

நம் அகமரபில் கடற்கரைக்கு உரியது இரங்கல். கரையில் நிற்பவள் கடலைப் பார்த்து வருந்துவாள். பிரிவு அங்கேதான் உறைக்கும். இந்த நாவலில் கடல் சேர்த்துவைக்கிறது, கரை பிரித்துவைக்கிறது. தண்ணீரில் டாய்லரின் விந்தலுக்கு அர்த்தமில்லை, ஜிம்மின் கூச்சத்துக்கும் இடமில்லை. கரையேறிச் சட்டையை மாட்டிக்கொண்டதும் ஒருவன் கடைக்காரர் மகன், இன்னொருவன் கழிவு வண்டிக்காரன்.

இங்கேதான் நாவலின் கூர்மையான கண்டுபிடிப்பு இருக்கிறது. சிற்றூரில் நடக்கும் காதல் நாவல்களில், குறிப்பாக இன்று அமெரிக்காவில் ஏராளமாக வரும் வகையில், ஊர் பெரும்பாலும் நல்ல ஊர். ரொட்டிக்கடைக்காரரும் நூலகரும் திருவிழாக் குழுவும் சேர்ந்து காதலர்களைச் சேர்த்துவைப்பார்கள். அதற்கு நேர்மாறான வகையில் ஊர் பொல்லாத ஊர். காதல் தெரிந்ததும் கல்லெறியும். கிளாஸ்தூல் இரண்டும் இல்லை. அந்த ஊர் ஜிம்முக்கும் டாய்லருக்கும் உள்ள காதலைத் தடுப்பதே இல்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று அதற்குத் தோன்றுவதே இல்லை. அது தடுப்பது அவர்களுடைய நட்பை. கல்லூரியில் படிக்கிற பையன் கழிவு வண்டிப் பையனோடு சுற்றினால் மிஸ்டர் மேக்குக்குக் கடையின் கௌரவம் என்னாவது என்ற கவலை. தெருவில் யார் யாருக்குத் தொப்பியைத் தூக்குகிறார், யார் யாரிடம் கடன் சொல்கிறார் என்பதில் ஊர் கண்ணாயிருக்கிறது. அலர் எழுவதற்கு நட்பே போதுமானதாக இருக்கிறது. ஆகவே அவர்கள் நண்பர்களாக இருப்பதே ஒரு மீறல். காதல் அதே மீறலின் தொடர்ச்சி. இரண்டுக்கும் நடுவே தனியாக ஒரு வாசலைக் கடக்கவேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. நட்பு எந்தப் புள்ளியில் காதலாயிற்று என்று நாம் முதலில் கேட்ட கேள்விக்கு, வர்க்கத்தைக் கொண்டு இப்படி ஒரு விடை சொன்ன காதல் நாவல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மிஸ்டர் மேக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அவரை வேடிக்கை மனிதர் என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. பத்திரிகைத் தலைப்பு, விளம்பர வாசகம், படைமுகாம் பேச்சு, பாதிரியார் உபதேசம் எல்லாம் கலந்து அவர் மனத்துக்குள் ஓடிக்கொண்டேயிருக்கின்றன. மன்னருக்கும் விசுவாசம், மாதாகோவிலுக்கும் விசுவாசம், வாடிக்கையாளருக்கும் விசுவாசம் என்று மூன்று பக்கமும் தலைவணங்கி நிற்கிறார். மூத்த மகன் கோர்டி பிரிட்டிஷ் படையில் சேர்ந்து கலிப்பொலிப் போர்முனைக்குப் போகிறான், திரும்புவதில்லை. அவனால் கருவுற்ற நான்சி என்ற வேலைக்காரப் பெண்ணை ஊர் ஒதுக்குகிறது. மிஸ்டர் மேக் தயங்கித் தயங்கி, சாக்குப்போக்குச் சொல்லி, கடைசியில் அவளையும் குழந்தையையும் தன் வீட்டுக்குள் ஏற்றுக்கொள்கிறார். மகன் ஜிம்மின் காதலை அவர் புரிந்துகொள்ளும் காட்சி என்று ஒன்றை ஓ'நீல் வலிந்து எழுதவில்லை. 1916இல் அப்படி ஒரு தகப்பனை எழுதினால் பொய்யாகியிருக்கும். ஆனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தை விட்டு ஒரு மனிதர் எப்படி வெளியே வருவார் என்பதை நான்சி விஷயத்தில் காட்டிவிட்டார். அந்த இடங்களில் நாவல் மிகப் பெரிய நாவலாக இருக்கிறது.

நடையைப் பற்றிய குறையைச் சொல்லாமல் விடமுடியாது. முதல் ஐம்பது பக்கங்களில் சலித்துப் புத்தகத்தை மூடியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஜாய்ஸின் நிழல் கனமாக விழுந்திருக்கிறது. தலைப்பு வேறு ஃப்ளான் ஓ'பிரையன் 1939இல் வெளியிட்ட நாவலின் பெயரை எதிரொலிக்கிறது. வாக்கியங்கள் பாதியில் திரும்புகின்றன, வழக்குச் சொற்கள் நெருக்குகின்றன, யார் பேசுகிறார் என்று தேடவேண்டியிருக்கிறது. மிஸ்டர் மேக்கின் தலைக்குள் இருக்கும்போது இது பொருந்துகிறது; அவருடைய குழப்பமே அந்த நடைதான். கதைசொல்லி தானே பேசும் இடங்களிலும் அதே அலங்காரம் தொடர்வது முன்னோர்களுக்குக் கட்டிய கப்பமாகத்தான் தெரிகிறது. பையன்கள் தனியாக இருக்கும் காட்சிகளில் நடை தெளிந்து, வாக்கியம் சிறுத்து, உரையாடல் முன்னுக்கு வருகிறது. எழுத்தாளரின் சொந்தக் குரல் அதுதான்.

அடுத்தது மக்மரோ. நாவலின் சிறந்த பாத்திரமும் அவரே, பெரிய சிக்கலும் அவரே. பழைய பெருங்குடும்பத்தின் வாரிசு. இங்கிலாந்தில் ஆண்களோடு உறவு வைத்ததற்காக இரண்டு ஆண்டு கடுங்காவல் அனுபவித்துவிட்டு, சாண்டிகோவ் பக்கம் வாழும் அத்தை ஈவ்லின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். ஆஸ்கர் வைல்டை 1895இல் சிறைக்கு அனுப்பிய அதே 1885ஆம் ஆண்டுச் சட்டம், அதே தண்டனை. பிரிட்டிஷ் பேரரசு இந்தியாவுக்கு 1860இல் தந்த 377ஆம் பிரிவின் உறவுக்காரச் சட்டம் அது. நம்மிடம் அதன் பிடி 2018இல் தளர்ந்தது, அயர்லாந்தில் 1993இல். வைல்டின் இனத்தவனா நீ என்ற பொருளில் ஒருவர் கேட்க, நான் ஐரிஷ்காரனா என்று கேட்கிறாயென்றால் ஆம் என்ற பொருளில் மக்மரோ பதில் சொல்லும் இடம் நாவலின் அரசியலை ஒரே வீச்சில் சொல்லிவிடுகிறது. தன்னை விலக்கிவைத்த சொல்லையே தேசத்தின் பெயராக மாற்றிவிடுகிறார் அவர்.

அவர் மனத்துக்குள் பல குரல்கள் பேசுகின்றன. அவற்றில் முக்கியமானது ஸ்க்ரோட்ஸ், சிறையில் உடனிருந்து இறந்துபோன அறிஞர். தனிமையில் ஒருவன் தன் நண்பனைத் தலைக்குள்ளேயே உயிரோடு வைத்துக்கொள்வதைப் பற்றிய அந்தப் பக்கங்கள் என் வாசிப்பில் நட்பைப் பற்றி இந்த நாவல் சொன்னவற்றிலேயே ஆழமானவை. ஜிம்மும் டாய்லரும் நட்பிலிருந்து காதலுக்கு நடக்கிறார்கள். மக்மரோவோ காமத்திலிருந்து தொடங்கி, மெல்ல மெல்ல, ஒரு நண்பனாக இருப்பது எப்படி என்று கற்றுக்கொள்கிறார். எதிர்த்திசைப் பயணம். ஒன்றை ஒன்று விளக்குகிறது.

ஆனால் அந்தப் பயணத்தின் தொடக்கம் டாய்லருக்குப் பணம் கொடுத்து உறவுகொள்வதில் இருக்கிறது. வசதியுள்ள வளர்ந்த மனிதர் ஒருவர், வறுமையில் வாடும் ஒரு பையனை விலைகொடுத்து வாங்குகிறார். நாவல் இதை மறைக்கவில்லை, அழகுபடுத்தவும் இல்லை. வர்க்கம் எப்படி உடல்வரை நீள்கிறது என்று காட்டுவதில் அது நேர்மையாகவே இருக்கிறது. என் ஆட்சேபம் பின்னால் நடப்பதைப் பற்றியது. டாய்லர் டப்ளினுக்குப் போன பிறகு ஜிம்முக்கு நீச்சல் கற்றுத்தருபவர், தைரியம் சொல்பவர், இருவருக்கும் காவலாக நிற்பவர் என்று மக்மரோ உயர்ந்துகொண்டே போகிறார். அவருடைய குற்றவுணர்ச்சிக்கும் மனமாற்றத்துக்கும் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. அந்த நாட்கள் டாய்லருக்குள் என்ன செய்தன என்பதற்கு அதில் சிறுபங்குகூடக் கிடைக்கவில்லை. மன்னிக்கவேண்டியவன் டாய்லர். அவனைக் கேட்காமலே நாவல் மன்னித்துவிடுகிறது. வர்க்கத்தைப் பற்றி இவ்வளவு விழிப்போடு எழுதிய ஒருவர், படித்த மனிதரின் மனம்தான் அதிகம் பேசத் தகுந்தது என்ற பழைய பழக்கத்துக்கு இங்கே இடங்கொடுத்துவிட்டார். இதை நான் சிறு குறையாக எண்ணவில்லை.

ஈவ்லின் அத்தையையும் சொல்லலாம். விடுதலைக்காகத் துணிந்து இயங்கும் பெண், அண்ணன் மகனுக்கு ஒரு கல்யாணம் முடித்துக் குடும்பப் பெயரைக் காப்பாற்றத் துடிப்பவர். கதைக்கு வேண்டியபோது வருகிறார், வேண்டாதபோது காணாமல்போகிறார். பெண்களில் நான்சி ஒருத்தியே முழு உயிரோடு இருக்கிறாள்.

இனி முடிவு. அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய மரபு. காதல் யாருடையதாகவும் இருக்கலாம். போரும் கொடையும் புகழும் பெயரோடும் இடத்தோடும் புறத்துக்கு உரியவை. ஓ'நீலின் நாவலை இந்தக் கண்ணோடு படித்தால் அதன் கட்டுமானம் துலங்குகிறது. கடலில் நடக்கும் பகுதி முழுவதும் அகம். அங்கே தேதி முக்கியமில்லை, தலைவர்கள் இல்லை, உறவுக்குச் சூட்ட அவர்களிடம் சொல்லும் இல்லை. கரையில் புறம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. பிரிட்டிஷ் படைக்கு ஆள்சேர்ப்பு நடக்கிறது. தேசபக்தி பொங்கும் பாதிரியார் பையன்களுக்குப் பாவாடை உடுத்திப் புல்லாங்குழல் அணி நடத்துகிறார். சட்டையில் தொழிலாளர் இயக்கச் சின்னம் குத்தியிருந்ததற்காக டாய்லரை அதிலிருந்து துரத்துகிறார். பிறக்கப்போகும் தேசத்தில் அவனுக்கு இடமில்லை என்று அந்தக் காட்சி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஈஸ்டர் வருகிறது. இருவரும் மக்லின்ஸுக்கு நீந்துகிறார்கள், போய்ச் சேருகிறார்கள், காதலர்களாகிறார்கள். ஒரு வருடத்து உழைப்பு அத்தனையும் அந்தப் பாறையில் கைகூடுகிறது. அவசரமில்லாமல், மிகையில்லாமல் எழுதப்பட்ட பகுதி. அதற்குப் பிறகு புறம் பாய்ந்து வந்து எல்லாவற்றையும் விழுங்குகிறது.

ஏப்ரல் 24ஆம் தேதி திங்கட்கிழமை எழுச்சி தொடங்கியது. டாய்லர் சேர்ந்திருந்த தொழிலாளர் படையான குடிமக்கள் படை செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவைப் பிடித்தது. மறுநாள் விடியலில், எதிரே இருந்த ஷெல்போர்ன் ஹோட்டலின் உயரத்திலிருந்து பிரிட்டிஷ் இயந்திரத் துப்பாக்கிகள் பூங்காவை நோக்கிச் சுட்டன. இவை வரலாறு. நாவலில் டாய்லரும் ஜிம்மும் அங்கே போய்ச் சேர்கிறார்கள், மக்மரோவும். டாய்லர் திரும்புவதில்லை. ஜிம் துப்பாக்கி ஏந்தியவனாக மிஞ்சுகிறான்.

இந்த மரணத்தை ஆதரித்துச் சொல்லக்கூடிய வாதங்கள் வலுவானவை. டாய்லர் கொள்கைக்காரன், கானலி அழைத்தபோது அவனைப் பாறையிலேயே உட்காரவைத்திருந்தால் அது டாய்லராக இருந்திருக்காது. அதைவிட வலுவானது இன்னொன்று. 1916இன் தியாகிகள் அயர்லாந்துக்குக் கிட்டத்தட்டப் புனிதர்கள். அந்த வரிசையில் ரோஜர் கேஸ்மென்ட்டும் உண்டு. சாண்டிகோவில் பிறந்தவர். ஜெர்மனியிலிருந்து ஆயுதம் கொண்டுவர முயன்று பிடிபட்டு, ஆகஸ்ட் 3ஆம் தேதி லண்டனில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய உயிருக்காகப் பலரும் மனுப்போட்டபோது, ஆண்களோடு அவருக்கிருந்த உறவுகளைச் சொல்லும் நாட்குறிப்புகளைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் ரகசியமாகச் சுற்றுக்கு விட்டு ஆதரவைக் கலைத்தார்கள். சுதந்திர அயர்லாந்து அவரைத் தியாகி என்று கொண்டாடியது. நாட்குறிப்புகள் போலி என்று பல பத்தாண்டுகள் வாதாடியது. தியாகியாக இருக்கலாம், ஆணை நேசித்தவராக மட்டும் இருக்கக்கூடாது. ஓ'நீல் அந்தப் பொய்க்குப் பதில் சொல்கிறார். உங்கள் புனிதப் போரில் செத்தவர்களில் எங்களவரும் இருந்தார்கள் என்கிறார். 2001இல், சட்டம் மாறி எட்டே ஆண்டுகள் ஆன நாட்டில், இதைச் சொல்லவேண்டிய தேவை இருந்தது.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் எனக்கு ஒப்பவில்லை. தேசம் என்றால் தனக்கு டாய்லர்தான் என்று ஜிம் உணரும் இடம் நாவலின் மிக அழகான சிந்தனை. பாதிரியாரும் கவிஞர்களும் வானளாவ ஊதிப் பெரிதாக்கிய தேசத்தை, கூட நடக்கிற ஒருவனின் அளவுக்கு அவன் சுருக்கிவிடுகிறான். ஆனால் அதே எண்ணத்தோடு அவன் துப்பாக்கியைத் தூக்கும்போது நடப்பது தலைகீழ்: ஒருவனைத் தேசத்தின் அளவுக்கு ஊதிவிடுகிறான். டாய்லர் மனிதனாக இருந்தது போய், கொல்வதற்கும் சாவதற்கும் காரணமாகிவிடுகிறான். இந்த வேறுபாட்டை நாவல் கவனித்ததாகத் தெரியவில்லை. மக்மரோ ஜிம்முக்குத் தீப்ஸ் நகரத்துப் புனிதப் படையின் கதையைச் சொல்கிறார். காதலர் இணைகளைக் கொண்டு அமைத்த, கி.மு. 338இல் கைரோனியாவில் மாசிடோனியரிடம் அழிந்த படை. ஆணை நேசித்த ஆண்கள் வரலாற்றில் இருந்தார்கள் என்று ஒரு பையனுக்கு அது தரும் ஆறுதல் பெரியது. ஆனால் அந்தக் கதையோடு இன்னொரு செய்தியும் வருகிறது: இப்படிப்பட்ட காதல் தன் மதிப்பைப் போர்க்களத்தில் நிரூபிக்க வேண்டும். நாவலின் கடைசிப் பகுதி இதை எதிர்க்கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறது. புல்லாங்குழல் அணியைப் பார்த்து ஐயப்பட்ட அதே புத்தகம், கொடி கைமாறியதும் ஐயத்தை விட்டுவிடுகிறது.

ஒப்பிட வேறொரு நாவல் இருக்கிறது. ஜிம்மும் டாய்லரும் நீந்துவதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பு, 1913-14இல், இ. எம். ஃபார்ஸ்டர் இங்கிலாந்தில் 'மோரீஸ்' நாவலை எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்வதாக அதை முடிக்கவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அன்றைய சட்டத்தில் அப்படி ஒரு முடிவோடு வெளியிட முடியாது. முடிவை மாற்றுவதைவிட மேசைக்குள் வைத்திருப்பது மேல் என்று இருந்துவிட்டார். அவர் இறந்த பிறகு 1971இல்தான் அச்சானது. நாவலாகப் பார்த்தால் 'மோரீஸ்' மெலிந்தது. காதல் எப்படி உருவாகிறது என்பதில் ஓ'நீலின் பக்கத்தில்கூட அது நிற்காது. கடைசியில் வரும் வேட்டைக்காவலன் கிட்டத்தட்ட வானத்திலிருந்து குதிக்கிறான். ஆனால் இந்தக் காதலுக்கு உயிரோடு இருப்பதே போதுமான நியாயம் என்று ஃபார்ஸ்டர் நம்பினார். சட்டம் தன் பக்கம் இல்லாத காலத்தில் அவருக்கு இருந்த அந்த நம்பிக்கை, சட்டம் மாறிய காலத்தில் எழுதிய ஓ'நீலுக்கு ஏன் இல்லாமல்போனது என்ற கேள்விக்கு நாவலுக்குள் எனக்கு விடை கிடைக்கவில்லை.

காதல் நாவல் என்றால் முடிவு இன்பமாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய காதல் கதைகள் பலவும் சாவில்தான் முடிகின்றன. சாவு காதலுக்குள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து ஒரு பட்டமாக ஏற்றப்பட்டதா என்பதே கேள்வி. டாய்லரின் பாத்திரம் அவனை ஸ்டீபன்ஸ் கிரீனுக்குக் கொண்டுபோகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே போன பிறகு நாவல் தன் மொழியை மாற்றிக்கொண்டதைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. அதுவரை பார்வை ஒரு கையளவு, ஒரு மூச்சளவு என்று நெருக்கமாக இருந்தது. பிறகு பரப்பு விரிகிறது, குரல் உயர்கிறது, எல்லாம் அடையாளமாக மாறுகிறது. ஜிம்மின் துயரத்தைவிட அவனுடைய வீரத்தில் நாவலுக்கு அக்கறை கூடிவிடுகிறது.

என் தீர்ப்பு இது. நட்பு காதலாவதை எழுத நினைக்கும் எவரும் ஃபார்ட்டி ஃபூட் காட்சிகளைப் படித்தாக வேண்டும். வர்க்கத்தையும் தொடுகையையும் பொறுமையையும் ஒரே செயலில் கோத்த விதத்தில் அவை இந்த வகையின் முதல் வரிசையில் நிற்கின்றன. மிஸ்டர் மேக்கின் பகுதிகள் எந்த வகையிலும் அடங்காத நல்ல இலக்கியம். மக்மரோவுக்குத் தந்த எளிய மன்னிப்பும், எழுச்சிப் பகுதியில் தியாகத்தின்மேல் வைத்த நம்பிக்கையும் புத்தகத்தின் மெய்யான பலவீனங்கள்; முன்பகுதியின் சிறப்பைக் காட்டி அவற்றைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது விமர்சனம் ஆகாது. மக்லின்ஸ்வரை உள்ள நாவலை நான் 'மோரீஸு'க்கு மேலே வைப்பேன். அதற்குப் பிந்தைய பகுதியை அதற்குக் கீழே வைப்பேன். முழுப் புத்தகமாகக் கேட்டால், கறாரான எடைக்குப் பிறகும், ஓ'நீல்தான் முந்துகிறார். அந்த ஒரு வருட நீச்சலுக்கு இணையாக ஃபார்ஸ்டரிடம் எதுவும் இல்லை.